எங்கள் சுவரைக் கண்டு வளைந்த கோடு

வரைபடம் போடத் தெரியும் என்று அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது.

கோட்டூர்புரத்தில், ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்குகிற தெரு எங்களுடையது. எட்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஒவ்வொரு பகுதிக்காரர்களும் தங்கள் எல்லையை வரைந்து, வடிகால், தெருவிளக்கு, வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறுகிற இடம் என்று எல்லாவற்றையும் குறித்துக் கொடுக்க வேண்டுமாம். அதை வைத்துத்தான் இனிமேல் திட்டம் போடுவார்களாம். யார் வரைவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. இருபது வருடமாகக் கட்டடப் படம் வரைந்து பிழைக்கிறவள். "இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? நான் போட்டுத் தரேன்" என்றேன். கைதட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

இரண்டு வாரம், ஆபீஸ் போகும் முன்பு காலை வேளைகளில், அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். மேலே மெயின் ரோடு. கொஞ்சம் இறங்கினால் பிள்ளையார் கோயில். அப்புறம் எங்கள் கட்டடம். எங்கள் காம்பவுண்டுச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு சந்து பிரிந்து ஆற்றங்கரை வரை போகும். ஷீட்டுக் கூரையும் சிமெண்டுச் சுவருமாக அதில் முப்பது வீடுகளுக்குக் குறையாது. எங்கள் எட்டு வீட்டுத் துணிகளையும் தேய்த்துக் கொடுக்கிற பெண் அந்தச் சந்தில்தான் இருந்தாள். அவளுடைய இஸ்திரி வண்டி எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறான். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். அவள் என்னை அக்கா என்பாள். நான் அவளை வா போ என்று பேசுவேன், அவளும் என்னை அப்படித்தான்.

வெள்ளம் எங்கே வந்தது என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சில வருடம் முன்பு ஊரையே மூழ்கடித்த அந்தப் பெருமழையில் நானும்தான் இங்கே இருந்தேன். முதலில் தண்ணீர் சந்துக்குள் வந்தது. அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்கள். கேட்டைத் திறக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொழுது விடிவதற்குள் தண்ணீர் எங்கள் கேட்டைத் தாண்டி, தரைத்தளத்து வீடுகள் இரண்டிலும் புகுந்து, மாடிப்படியில் ஐந்தாவது படி வரை ஏறி நின்றுவிட்டது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரிட்ஜையும் கியாஸ் சிலிண்டரையும் மேலே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சந்துக்காரர்கள்தான். மூன்று நாள் எல்லோரும் ஒரே அண்டாவில் பொங்கிச் சாப்பிட்டோம். தண்ணீர் கோயில் வாசற்படியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கியது.

ஆகவே கோயில் வாசலிலிருந்து ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டேன். எங்கள் கட்டடமும் உள்ளே, சந்தும் உள்ளே. ஓரத்தில் 'வெள்ளம் ஏறிய எல்லை' என்று எழுதினேன். அதுதான் நடந்தது, அதை அப்படியே வரைந்தேன்.

படத்தைக் கொடுத்த மறுநாள் சங்கத் தலைவர் காபிக்குக் கூப்பிட்டார். தரைத்தளத்தில் முதல் வீடு அவருடையது. மயிலாப்பூரில் பரம்பரை வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தவர்கள். மாமி கொண்டுவந்து வைத்த காபி வாசனையாக இருந்தது. அவர் என் படத்தை மேஜைமேல் விரித்து, பூப்போலத் தடவிக்கொடுத்தார்.

"பிரமாதமா பண்ணியிருக்கேள். ஒரே ஒரு விஷயம். இந்தச் சிவப்புக் கோட்டைக் கொஞ்சம் நகத்திடுங்கோளேன்."

"எங்க நகத்தறது?"

"நம்ம காம்பவுண்டுக்கு வெளியில. ஜஸ்ட் சுவத்துக்கு அந்தண்டை. வெள்ளம் வந்த கட்டடம்னு கவர்மெண்ட் பேப்பர்ல ஏறிடுத்துன்னா, நாளைக்கு வித்தா எவன் வாங்குவான்? வாடகைக்குக்கூட வரமாட்டான். நானும் சிங்கப்பூர்ல பையனோட போய் இருக்கலாம்னு பாக்கறேன், ஒங்களுக்குத் தெரியாததா?"

நான் எகிறினேன். வந்த தண்ணீரை வரவில்லை என்று எப்படி சார் எழுதுவது என்று குரலை உயர்த்தினேன். அவர் கோபப்படவே இல்லை. தண்ணீர் நின்ற இடத்துக்கு வடிகால் கேட்கத்தானே இந்தக் கோடு, சந்துவரை காட்டினாலே வடிகால் வந்துவிடும், அது நம் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். மாமி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பேப்பரை மடக்கிவிட்டு, "நம்ம வீடும் அதே கட்டடத்துலதானே இருக்கு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முதல் மாடியில் எங்கள் வீடு. ஆயுசில் நாங்கள் வாங்கிய ஒரே சொத்து. கம்ப்யூட்டரைத் திறந்தேன். கோட்டைப் பிடித்து இழுத்தேன். கோயிலை விட்டு இறங்கி, எங்கள் சுவரின் பின்புறமாக வளைந்து, சந்தை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மறுபடி ஆற்றோடு போய்ச் சேர்ந்தது. பெரிய மனுஷர் வருகிறார் என்று வெள்ளம் ஒதுங்கி வழிவிட்ட மாதிரி இருந்தது படம். கீழே வரைந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஒருநாள் காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சந்து வாசலில் நான்கைந்து பேர் தெரிந்தார்கள். ஒருவர் கையில் விரித்த காகிதம். இன்னொருவர் கையில் பெயிண்ட் டப்பா. கதவு கதவாக நின்று எண் போட்டுக்கொண்டே ஆற்றுப் பக்கம் போனார்கள். என்னவோ கணக்கெடுப்பு என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் காலிங்பெல் அடித்தது. இஸ்திரிக்காரி நின்றாள். அடுப்புக்கரி கையில் ஒரு நோட்டீசைப் பிடித்தபடி அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, இதுல இன்னா போட்டுக்கீதுன்னு படிச்சிச் சொல்லு. அவுனுங்க சொல்றது ஒண்ணும் வெளங்கல."

படித்தேன். சிவப்புக் கோட்டுக்குள் உள்ள குடியிருப்புகள் வெள்ள அபாயத்தில் உள்ளதால், குடியிருப்போர் மாற்றிடத்துக்கு அனுப்பப்படுவார்கள். ஆட்சேபம் இருந்தால் எட்டாம் நாள் சமூகக் கூடத்தில் நடக்கும் கூட்டத்தில் சொல்லலாம். மாற்றிடம் என்று போட்டிருந்த ஊர், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். பின்னால் ஒரு படம் இணைத்திருந்தார்கள். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் படம்தான்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒருமாதிரி ஆயிடுச்சி?"

"ஒண்ணுமில்ல. கூட்டம் இருக்கு. அங்க போய்ப் பேசலாம். நான் பாக்கறேன்."

"எம் பொண்ணுக்குப் பரீட்ச கீதுக்கா. அங்க போனா எவன் எங்கிட்ட துணி குடுப்பான்? அங்கயும் இஸ்திரி வண்டி தள்ளிக்கினு நிக்கவா? வர்றவன் போறவன் யாரு கீறான் அங்க?"

"பாக்கறேன்னு சொல்றேன் இல்ல" என்று அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, அப்படியே அதில் சாய்ந்து நின்றேன். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதுதான் காரணம், வேறு சமாதானமெல்லாம் வேண்டாம்.

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கோட்டை மாற்றி வேறு படம் கொடுக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு டென்ஷன் ஆறேள்? அவாளுக்குப் பக்காவா வீடு குடுக்கறா. லிஃப்ட் இருக்காம். நல்லதுதானே."

"நல்லதுன்னா நீங்களும் நானும் போய் இருக்கலாமே சார்!"

"கத்தாதீங்கோ. இப்போ போய் மாத்தினா, முன்னாடி பொய்ப் படம் குடுத்தோம்னு ஆகும். கையெழுத்து ஒங்களோடது. அத மறந்துடாதீங்கோ."

எதிராளியை வாயடைக்க வைக்கிறவள் என்று எனக்கு நானே கொடுத்திருந்த பட்டமெல்லாம் அந்த ஹாலிலேயே கழன்று விழுந்தது. படியேறி வரும்போது அந்த ஐந்தாவது படியைப் பார்க்காமல் ஏறினேன்.

அடுத்த ஐந்து நாளும் நரகம்தான். பால்கனிப் பக்கம் போகவே பயமாக இருந்தது. சந்தில் பெயிண்ட் எண்கள் வெள்ளையாகத் தெரிந்தன. சங்கத்துக் குரூப்பில் ஒருவர் கரையை ஒட்டி நடைபாதை வந்தால் வாக்கிங் போகலாம் என்று எழுதினார். இன்னொருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன்.

ஆறாம் நாள் தேய்த்த துணி மூட்டையோடு அவள் வந்தாள். எப்போதும் மூட்டையைப் பிரித்து எண்ணிக் கொடுப்பாள். அன்று பிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து அந்த நோட்டீசை எடுத்து, படம் இருந்த பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு இத்த கையில வச்சிக்கினு கோயில்லேந்து ஆறு வரிக்கும் நடந்து பாத்தாரு. கோடு நேரா வருது. உங்க காம்பவுண்டு கிட்ட வந்தா மட்டும் வளைஞ்சிக்கினு போவுது. ஏங்க்கா, ஆத்துக்குக் கண்ணு கீதா? இது பிளாட்டு, இது குடிசன்னு பாத்துக்கினு போச்சா?"

நான் மூட்டையை எடுத்து உள்ளே வைத்தேன்.

"உங்க அஞ்சாம் படிலதான நான் குந்திக்கினு எம் பொண்ணுக்குத் தல தொவட்னேன்? தண்ணி எங்க கால நக்கிக்கினு இருந்துச்சி. நீயும் பக்கத்துல நின்ன. யாருக்கா போட்டது இந்தக் கோட்ட?"

"நான்தான்."

சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைவர் சொன்னார், வீட்டு விலை, வடிகால் என்று நானே உளறினேன். அவள் நோட்டீசை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளன்னிக்குக் கூட்டத்துக்கு வர்றியா, இல்ல ஆபீஸ் கீதா?" என்று மட்டும் கேட்டாள். வருகிறேன் என்றேன்.

சமூகக் கூடத்தில் சந்துக்காரர்கள் ஒரு பக்கம் தரையிலும் நாற்காலியிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் மறுபக்கம், மின்விசிறிக்குக் கீழே. தலைவர் முன்வரிசையில், பக்கத்தில் மாமி. நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் தூணோரம் நின்றேன். மாநகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் கண்ணாடி போட்ட சின்ன வயதுப் பெண். கடுகடுப்பு எதுவும் இல்லை. சுவரில் என் படத்தைப் பெரிதாக விழச் செய்து, சிவப்புக் கோட்டைக் காட்டி விளக்கினாள். சுவர் உயரத்துக்கு அந்த வளைவு தெரிந்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆட்சேபம் உண்டா என்று கேட்டதும் கையைத் தூக்கினேன். குரல் எப்போதும்போல உரக்கத்தான் வந்தது.

"இந்தப் படம் தப்பு. வரைஞ்சது நான். எங்க கட்டடத்துல அஞ்சு படி தண்ணி நின்னுது. வீட்டு விலை குறைஞ்சிடும்னு கோட்டை வெளியில தள்ளிப் போட்டேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. தலைவர் எழுந்தார்.

"அவா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசறா. தெருவுல தண்ணி நின்னுருக்கலாம். கட்டடத்துக்குள்ள வரலை. சங்கம் ஏகமனதாக் குடுத்த படம் இது."

பொறியாளர் என்னைப் பார்த்து, "ஒருத்தர் மட்டும் சொன்னா எப்படி மேடம்? சங்கம் குடுத்த படத்தை வச்சுத்தான் நாங்க வேலை பார்க்கறோம். உங்க கட்டடத்துக்காரங்க வேற யாராவது இதை உறுதிப்படுத்தறீங்களா?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஏழு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். என் புருஷன் பாதி எழுந்தார். "நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே, வேற யாராவது?" என்றாள் பொறியாளர். ஒருவர் கையும் உயரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் சந்துப் பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அப்போது இஸ்திரிக்காரி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரெண்டாம் நம்பர் வூடு. பிரிட்ஜு, வாஷிங் மிசினு. நானும் எங்க வூட்டுக்காரரும் தூக்கினோம். மிசினு தூக்கறப்போ அவருக்கு கால் பெரல் நசுங்கிச்சி. சிலிண்டரு ரெண்டு, எங்க சந்துப் பசங்க தூக்கினாங்கோ. ஒண்ணாம் நம்பர் வூடு. அரிசி மூட்ட, சாமி படம், டிவி." அவள் நிறுத்தினாள். தலைவரைப் பார்க்கவில்லை, மாமியையும் பார்க்கவில்லை. "அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். அவங்களே சொல்லட்டும்."

எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். நானும்தான்.

மாமி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலைவர் அவள் புடவையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். மாமி அவர் கையை விலக்கினாள்.

"எங்காத்துல கட்டில் முங்கிப் போச்சு. எனக்கு அப்போ கால்ல மாவுக்கட்டு. பிளாஸ்டிக் நாற்காலியில உக்காத்தி வச்சு, இவளும் இவ ஆத்துக்காரருமாத்தான் என்னை மாடிக்குத் தூக்கிண்டு போனா. நான் கத்து கத்துன்னு கத்தினேன், விழுந்துடுவேன்னு. 'விடமாட்டேன் மாமி'ன்னு சொல்லிண்டே தூக்கினா. ஏன்னா, நீங்க பேசாம உக்காருங்கோ. வீடு வித்தா விக்கட்டும், விக்காட்டாப் போகட்டும்."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. மாமி உட்காரவும், இரண்டாம் நம்பர் வீட்டுக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அப்புறம் இன்னொருவர். பொறியாளர் படத்தை அணைத்தாள். "இந்தக் கோட்டை வச்சு எதுவும் செய்யமுடியாது. நாங்களே ஆள் அனுப்பி அளக்கறோம். அதுவரைக்கும் யாரையும் எங்கயும் அனுப்பப் போறதில்ல" என்றாள்.

இதைவிடப் பெரிய வெள்ளம் வந்தால் என்று கணக்குப் போட்டு அளந்தார்கள். புதுக் கோடு கோயிலையும் தாண்டி மேலே போயிற்று. நாங்கள், சந்து, எதிர்வரிசை பங்களாக்கள் என்று எல்லோரும் உள்ளே. அத்தனை பேரையும் எழுப்பி அனுப்ப முடியுமா? கரையில் சுவர் கட்டுவதாகத் திட்டம் மாறியது. சுவர் பாதி எழும்பியிருக்கிறது. சந்து இருக்கிறது. தலைவர் என்னோடு பேசுவதில்லை, வீடும் இன்னும் விற்கவில்லை. மாமி மட்டும் வழியில் பார்த்தால் நின்று பேசுவாள்.

இதையெல்லாம் சொன்னால் கேட்கிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அதனால்தான் அன்றைக்குக் கூடத்து வாசலில் நடந்ததையும் எழுதிவைக்கிறேன். கூட்டம் முடிந்து சந்துக்காரர்கள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வெளியே வந்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கம்தான், ஆனால் எதிர்பார்த்தேன். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. அந்த மாமி எழுந்திரிக்கலன்னு வச்சிக்கோ. எங்கள வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்கன்னு வச்சிக்கோ. நீ இன்னா பண்ணியிருப்ப?"

"விட்ருவேனா? கோர்ட்டுக்குப் போயிருப்பேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். புருஷன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தான், ஏறிப் போய்விட்டாள்.

கோர்ட்டுக்கெல்லாம் போயிருக்க மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சபையில் சொல்லியாயிற்று என்று வீட்டுக்கு வந்திருப்பேன். இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருந்திருக்கும். மறுவாரம் துணி தேய்க்க வேறு ஆள் பார்த்திருப்பேன். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.